கணக்குப் புத்தகத்தில் இருப்பது நம் பெயர்

கரும்பு வெட்டப் போன இடத்தில் ஒரு அப்பாவின் கைப்பேசிக்கு மத்தியான நேரத்தில் அழைப்பு வருகிறது. எதிர்முனையில் பேசுகிறவர் மரியாதையாகப் பேசுகிறார். மகளின் பெயரைச் சொல்கிறார். படிக்கும் கல்லூரியைச் சொல்கிறார். எந்த ஆண்டு படிக்கிறாள் என்பதையும் சொல்கிறார். “உங்க பொண்ணுக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்குங்க ஐயா, இருபத்தெட்டாயிரம். வாட்ஸ்அப்புல ஒரு கோடு அனுப்பறேன். அதை ஸ்கேன் பண்ணி உங்க நம்பரைப் போடுங்க, பணம் ஏறிடும்” என்கிறார். வெட்டுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற பையனிடம் போனைக் கொடுத்து ஸ்கேன் பண்ணச் சொல்கிறார் அப்பா. நம்பரைப் போட்டதும் பணம் ஏறவில்லை, இறங்கிவிட்டது. மேஸ்திரியிடம் முன்பணமாக வாங்கிக் கணக்கில் போட்டு வைத்திருந்த 14,000 ரூபாய்.

விழுப்புரம் மாவட்டத்தில் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு நடந்தது இது. பணம் போனது ஒரு நிமிடத்தில். அதன் பிறகு நடந்ததுதான் நம்மை இதை எழுத வைக்கிறது. மறுநாள் வங்கிக்குப் போனார்கள். “நீங்கதானே நம்பரைப் போட்டீங்க, நாங்க என்ன பண்ண முடியும்?” என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். அதற்கடுத்த நாள் காவல் நிலையத்துக்குப் போனார்கள். “இது சைபர் கிரைம், விழுப்புரத்துக்குப் போங்க” என்றார்கள். புகாரை வாங்கவும் இல்லை, எந்த எண்ணுக்குப் பேச வேண்டும் என்று சொல்லவும் இல்லை. நான்காவது நாள், விடுதியில் தங்கிப் படிக்கும் உறவுக்காரப் பையன் சொல்லித்தான் 1930 என்று ஒரு எண் இருப்பதே தெரிந்தது. அதற்குள் அந்தப் பணம் பல கணக்குகள் மாறி எங்கோ எடுக்கப்பட்டுவிட்டது.

இப்படி ஏமாந்தவர்களைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு உண்டு. ஒன்று, பேராசை. மற்றொன்று, படிப்பறிவில்லை. இரண்டையும் நாம் ஏற்கவில்லை. மகளுக்குச் சட்டப்படி வர வேண்டிய உதவித்தொகை வந்துவிட்டது என்று நம்பியது பேராசை ஆகாது. படித்தவர்களும், ஓய்வுபெற்ற அதிகாரிகளும், மருத்துவர்களும் இதே வலையில் லட்சக்கணக்கில் இழந்த செய்திகள் நாளிதழ்களில் வந்துகொண்டே இருக்கின்றன. வேறுபாடு ஒன்றுதான். அவர்கள் போய் நின்றால் உட்காரச் சொல்லிப் புகாரை வாங்குகிறார்கள். நம்மை அலையவிடுகிறார்கள். அந்த அலைச்சலில் போகிற நேரம்தான் திருடனுக்குக் கிடைக்கிற லாபம்.

இந்தக் கணக்கு எப்படி வந்தது?

வங்கிக் கணக்கு என்பது நம் மக்களுக்குச் சாதாரணமாக வந்ததில்லை. களத்துமேட்டில் நின்று படி அளந்து கூலி வாங்கிய தலைமுறை இன்னும் நம் வீடுகளில் உயிரோடு இருக்கிறது. கையை நீட்டி வாங்கிய கூலிக்குக் கணக்கும் கிடையாது, கேள்வியும் கிடையாது. நூறு நாள் வேலைக் கூலி வங்கிக்கும் அஞ்சலகத்துக்கும் வரத் தொடங்கியபோதுதான் நம் பாட்டிமார்கள் பலருக்குத் தங்கள் பெயர் அச்சடித்த ஒரு புத்தகம் முதன்முதலாகக் கைக்கு வந்தது. 2014 ஆகஸ்ட் 28இல் தொடங்கிய ஜன் தன் திட்டம் இருப்புத்தொகை இல்லாமலே கணக்குத் திறக்க வழி செய்தது. இப்போது மகளிர் உரிமைத் தொகை, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன், முதியோர் ஓய்வூதியம் எல்லாம் அந்தக் கணக்குக்கே வருகின்றன.

எல்லாவற்றையும்விட முக்கியமானது போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் உள்ள பட்டியலினக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கானது. 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை எடுத்த முடிவின்படி, இந்தத் திட்டச் செலவில் ஒன்றிய அரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்கும் ஏற்கின்றன. ஒன்றிய அரசின் பங்கு நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. அதாவது, கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பணம் முதலில் நம் பிள்ளையின் கணக்கில் விழுகிறது. கல்லூரி அலுவலகம் அந்தப் பணத்துக்காகக் காத்திருக்கிறது. அதைத் திருடன் எடுத்துக்கொண்டால் அந்த ஆண்டுப் படிப்பே ஆட்டம் கண்டுவிடுகிறது.

ஆகவே வங்கிக் கணக்கைப் பாதுகாப்பது ஏதோ நகரத்துக்காரர்களின் கவலை, நமக்கென்ன இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. நம் கணக்கில் இருப்பது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் போனால் மறுபடி வட்டிக்குத்தான் வாங்க வேண்டும். கணக்கு வந்ததால் எந்த வாசலில் போய் நிற்பதை நிறுத்தினோமோ, அதே வாசலில் திரும்பவும் நிற்க வேண்டும்.

திருடன் வருகிற வழிகள்

முதல் வழி, நமக்குத் தேவையானதைச் சொல்லி வருவது. பிள்ளைக்கு உதவித்தொகை, தாட்கோ கடன், தொகுப்பு வீடு, விடுபட்ட உரிமைத் தொகை என்று எதைச் சொல்லியும் அழைப்பு வரலாம். எந்த அரசு அலுவலகமும் கைப்பேசியில் அழைத்து ஓடிபி கேட்பதில்லை. கடன் கொடுப்பதற்கு முன்பணமாகத் தனியார் எண்ணுக்கு ஜிபே பண்ணச் சொல்வதில்லை. இதில் ஒரே ஒரு விதியை வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்துவிட வேண்டும். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையில்லை. கோடு ஸ்கேன் பண்ணுவதும், பின் போடுவதும் பணம் கொடுப்பதற்கு மட்டுமே. யாராவது ‘பணம் வரணும்னா பின் போடு’ என்றால் அவர் திருடன். இதில் விதிவிலக்கு இல்லை.

வாட்ஸ்அப்பில் வரும் கோப்புகளும் இதே வகை. விவசாய உதவித்தொகை, வண்டி அபராதச் சலான், கல்யாணப் பத்திரிகை என்ற பெயர்களில் ஏபிகே என்று முடியும் கோப்புகள் வருகின்றன. அதைத் தொட்டு நிறுவிவிட்டால், நம் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திகளை வேறொருவர் படிக்க வழி திறந்துவிடுகிறது. அதன் பிறகு ஓடிபியை நாம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பத்திரிகையைப் படமாக அனுப்புவார்கள், கோப்பாக அனுப்ப மாட்டார்கள். சந்தேகம் வந்தால் அழைத்துக் கேட்டுவிட்டுத் திறக்கலாம்.

பயமுறுத்தி வருவதும் உண்டு. போலீஸ் உடையில் வீடியோ அழைப்பில் வந்து, “உன் ஆதாரில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டிருக்கிறது, டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், யாரிடமும் சொல்லாதே” என்பார்கள். டிஜிட்டல் கைது என்று ஒன்று இந்தியச் சட்டத்திலேயே கிடையாது. போலீஸ் என்றாலே நம் தெருவில் ஒரு நடுக்கம் இருப்பதற்குப் பழைய காரணங்கள் உண்டு. அந்த நடுக்கத்தைத்தான் இவன் காசாக்கப் பார்க்கிறான். ‘யாரிடமும் சொல்லாதே’ என்ற சொல் காதில் விழுந்த உடனே நாலு பேரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது வழி, ரேகை. இது நம் பெரியவர்களைக் குறிவைப்பது. ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் ரேகை ஆகிய மூன்றும் இருந்தால் கிராமத்து வங்கி முகவரிடமே பணம் எடுக்கலாம். அட்டையும் வேண்டாம், பின்னும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். பஸ் ஏறி வங்கிக்குப் போக முடியாத பாட்டிக்கு இது பெரிய உதவிதான். ஆனால் செங்கல் அறுத்தும், கரும்பு வெட்டியும், நாற்று நட்டும் தேய்ந்த விரலில் ரேகை ஒரே தடவையில் விழுவதில்லை. “விழலம்மா, இன்னொரு தடவை வை” என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. நேர்மையான முகவரும் அப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏமாற்றுகிறவர் அதையே பயன்படுத்திக்கொள்கிறார். முதல் தடவையே பணம் எடுபட்டிருக்கும். ‘விழவில்லை’ என்று சொல்லி இரண்டாவது தடவை வைத்த ரேகையில் எடுத்ததை மட்டும் கையில் கொடுப்பார். உழைத்துத் தேய்ந்த விரலே திருடனுக்குச் சாக்காகிப் போகிற கொடுமை இது.

இதற்கு மூன்று காரியங்கள் செய்யலாம். ரேகை வைத்த ஒவ்வொரு தடவைக்கும், விழவில்லை என்று சொன்ன தடவைக்கும் சேர்த்து, மிஷினிலிருந்து வரும் துண்டுச் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். மாதம் ஒரு தடவை பாஸ்புக்கில் வரவு செலவைப் பதிய வைக்க வேண்டும். வங்கியில் கொடுத்திருக்கும் கைப்பேசி எண் நம்முடையதுதானா என்று பார்க்க வேண்டும். நம் வீடுகளில் பல கணக்குகளில் இருப்பது பழைய மேஸ்திரியின் எண், கணக்குத் திறக்க வந்த தரகரின் எண், அல்லது ரீசார்ஜ் பண்ணாமல் விட்டு வேறொருவருக்குப் போய்விட்ட எண். பணம் போன குறுஞ்செய்தி யாருக்கோ போகிறது. நமக்குத் தெரிவது மூன்று மாதம் கழித்து.

ஆதாரோடு கைப்பேசி எண் இணைத்திருப்பவர்கள் எம்ஆதார் செயலியில் ரேகையைப் பூட்டி வைக்கலாம். பூட்டினால் ரேஷன் கடையிலும் ரேகை வேலை செய்யாது. தேவைப்படும் நேரத்தில் கொஞ்ச நேரம் திறந்துகொள்ள வேண்டும். இதைச் செய்து கொடுக்க வீட்டில் ஒரு பிள்ளை இருந்தால் போதும். ஆதார் பற்றிய உதவிக்கு 1947 என்ற எண் இருக்கிறது. சாலையோரத்தில் குடை போட்டு இலவச சிம் கொடுக்கிறவரிடம் இரண்டு மூன்று தடவை ரேகை வைப்பதையும் நிறுத்த வேண்டும். நம் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்துவிடலாம்.

இன்னொரு பழைய வழியையும் சொல்லாமல் விடக் கூடாது. வட்டிக்கு வாங்கும்போது ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் அடகாகக் கொடுப்பது. கூலி வந்ததும் வட்டிக்காரரே எடுத்துக்கொள்கிறார். இது இணைய மோசடி இல்லை, ஆனால் விளைவு அதுவேதான். கணக்கு நம் பெயரில், சாவி அடுத்தவர் கையில். 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கும்போது இதைச் சகித்துக்கொள்ளத் தேவையில்லை. மேலும், பின் நம்பரை நாமே கொடுத்திருந்தால், பிறகு பணம் போனதாக வங்கியில் வாதாடுவது கடினம்.

மாணவத் தம்பிகளுக்கு, தங்கைகளுக்கு

மூன்றாவது வழிதான் நம்மை அதிகம் கவலைகொள்ள வைக்கிறது. இதில் பணம் போவதில்லை, எதிர்காலம் போகிறது.

கல்லூரி வாசலிலும் டெலிகிராம் குழுவிலும் ஒருவர் வருவார். “உன் அக்கவுண்டைக் கொஞ்ச நாள் கொடு. பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூணும் போதும். மாசம் இவ்வளவு தரேன். ஆன்லைன் கேம் கம்பெனிப் பணம்தான், வருமான வரிக்காக வேற வேற அக்கவுண்ட்ல போடறோம்” என்பார். விடுதிச் செலவுக்கு வீட்டில் கேட்கத் தயங்கும் பையனுக்கு அது பெரிய தொகை. நண்பன் ஏற்கனவே கொடுத்திருப்பான். கொடுத்துவிடுகிறான். அந்தக் கணக்குக்கு வருவது யாரோ ஒரு அப்பா கரும்புக் கொல்லையில் இழந்த பணம்.

போலீசார் இதை ‘மியூல் அக்கவுண்ட்’ என்கிறார்கள். மியூல் என்றால் பொதி சுமக்கும் கோவேறு கழுதை. திருட்டுப் பணத்தை ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குச் சுமந்து கடத்தப் பயன்படும் கணக்கு என்பது பொருள். பொதியின் சொந்தக்காரன் எங்கோ வெளிமாநிலத்திலோ வெளிநாட்டிலோ இருப்பான். அவன் பெயர் எந்தக் காகிதத்திலும் இராது. காகிதத்தில் இருப்பது நம் பிள்ளையின் பெயர், நம் வீட்டு முகவரி, நம் ஆதார் எண். முதலில் தேடி வருவது நம் தெருவுக்குத்தான்.

பிறகு நடப்பது என்ன? முதலில் கணக்கு முடக்கப்படும். உதவித்தொகையும் அந்தக் கணக்கில்தான் வர வேண்டும் என்றால் அதுவும் நிற்கும். அடுத்து வழக்கு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவில் மோசடிக்கு ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. எனக்குத் தெரியாது, நண்பன் கேட்டான், கொடுத்தேன் என்று சொன்னால் நீதிமன்றம் கேட்கலாம். ஆனால் அது பல ஆண்டுகள் கழித்து. அதற்குள் சீருடைப் பணியாளர் தேர்வு வந்து போகும். குரூப் தேர்வு வந்து போகும். காவல் துறைச் சரிபார்ப்பில் நிலுவை வழக்கு என்று ஒரு வரி இருந்தாலே வேலை கை நழுவிவிடக்கூடும். முதல் தலைமுறையாகப் படித்து வந்த பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய அடி என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

நம் முன்னோர் அடுத்தவர் சுமையைச் சுமந்தே முதுகு வளைந்தவர்கள். பேரப் பிள்ளைகள் திருடர்களின் பொதியைச் சுமக்க வேண்டாம். ஏற்கனவே கணக்கைக் கொடுத்துவிட்டவர்கள் பயந்து மறைக்க வேண்டாம். உடனே வங்கியில் எழுத்து மூலம் சொல்லி அட்டையையும் இணைய வங்கிச் சேவையையும் நிறுத்தச் சொல்லுங்கள். சைபர் கிரைம் காவல் நிலையத்தில் நீங்களே முன்வந்து சொல்லுங்கள். தனியாகப் போகாமல், வழக்கறிஞரோடு அல்லது நம்பிக்கையான பெரியவரோடு போங்கள்.

பணம் போய்விட்டால் என்ன செய்வது?

முதலில் 1930. நாடு முழுவதற்கும் ஒரே எண். பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அந்த வங்கிக்கு உடனே தகவல் போய், எடுக்கப்படாமல் இருக்கும் பணம் நிறுத்திவைக்கப்படும். முதல் ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் சொன்னால் பணம் நிற்க வாய்ப்பு அதிகம். நாள் கணக்கில் போனால் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். கணக்கு எண், பணம் போன நேரம், தொகை, குறுஞ்செய்தியில் உள்ள பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். அவர்கள் தரும் புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற தளத்திலும் பதியலாம்.

அடுத்து வங்கி. வாயால் சொல்லிவிட்டு வரக் கூடாது. எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்றால், ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை முழுக்க முழுக்கத் தேதிக் கணக்கில் நிற்கிறது. வங்கியின் தவறால் பணம் போனால் வாடிக்கையாளருக்கு இழப்பே இல்லை. வங்கியின் தவறும் இல்லை, நம் தவறும் இல்லை என்றால், தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் அப்போதும் நமக்கு இழப்பு இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் சொன்னால், ஜன் தன் போன்ற அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 5,000 ரூபாய்தான் நம் தலையில் விழும். சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய். புகார் கொடுத்த பத்து வேலை நாட்களில் வங்கி அந்தத் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும், 90 நாட்களுக்குள் புகாரை முடிக்க வேண்டும். வாடிக்கையாளரின் தவறு என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கியைச் சேர்ந்ததே என்கிறது அந்தச் சுற்றறிக்கை.

நாமே பின் நம்பரையோ ஓடிபியையோ கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்கிற வரைக்கும் உள்ள இழப்பு நம்முடையது. சொன்ன பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. எனவே நம் தவறு என்று வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருப்பதுதான் பெரிய தவறு. கணக்கில் மீதி இருப்பதையாவது காப்பாற்றலாம். பாட்டியின் ரேகையை வைத்துத் திருடிய வழக்கில் அவர் யாருக்கும் எந்த எண்ணையும் கொடுக்கவில்லை. அங்கே ‘நீங்கதானே பண்ணீங்க’ என்று கவுண்டரில் சொல்லி அனுப்ப வங்கிக்கு உரிமை இல்லை.

30 நாட்களில் வங்கி பதில் சொல்லாவிட்டாலோ, சொன்ன பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448 என்ற எண் உண்டு. காவல் நிலையத்தில் மனுவை வாங்கினால் சிஎஸ்ஆர் ரசீது கேட்டு வாங்குங்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் பதியலாம் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு சொல்கிறது. ‘எங்கள் எல்லை இல்லை’ என்பது புகாரை மறுக்கக் காரணம் ஆகாது.

நீதிமன்றம் வரை போக வேண்டி வந்தால், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவு தருகிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனுவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பணம் இழந்தவருக்கும் இது பொருந்தும். கணக்கைக் கொடுத்துச் சிக்கிக்கொண்ட மாணவருக்கும் பொருந்தும்.

நாம் கேட்பதும் நாம் செய்வதும்

எல்லாப் பொறுப்பையும் மக்கள் தலையில் போட்டு ‘விழிப்புடன் இருங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போவதை நாம் ஏற்க முடியாது. பணத்தைக் கைப்பேசிக்குள் கொண்டு போனது அரசும் வங்கிகளும். கற்றுக்கொடுக்க வேண்டிய கடமையும் அவர்களுடையதே. கிராமப்புற வங்கிக் கிளைகள் மாதம் ஒரு நிதிக் கல்வி முகாம் நடத்த வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நெறிமுறை. நம் தெருவில் எத்தனை முகாம் நடந்திருக்கிறது? ஊர்த்தெருக் கோயில் மண்டபத்தில் நடத்திவிட்டு நடந்ததாக எழுதிக்கொள்கிறார்களா? இதை முன்னோடி வங்கி மேலாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனுவாகக் கொடுக்க வேண்டும்.

ஆதிதிராவிடர் நல விடுதிகளில் ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் சைபர் கிரைம் போலீசாரைக் கொண்டு ஒரு வகுப்பு நடத்தட்டும். மாணவரின் பெயர், கல்லூரி, பெற்றோர் எண் ஆகியவை மோசடிக்காரர் கைக்கு எந்தப் பட்டியலிலிருந்து போயின என்று துறை விசாரிக்கட்டும். 1930 என்ற எண்ணை ரேஷன் கடைச் சுவரிலும், அங்கன்வாடிச் சுவரிலும், ஊராட்சி அலுவலகத்திலும் எழுதி வைக்கட்டும். ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. அடுத்த சபையில் இந்த ஒரு வரிக்குத் தீர்மானம் போடலாம். செலவு ஒரு டப்பா பெயிண்ட்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. தெருவுக்கு இரண்டு மாணவர்கள் போதும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, படிப்பகத்திலோ மரத்தடியிலோ உட்கார்ந்து, பெரியவர்களின் பாஸ்புக்கைப் பார்த்துக் கொடுக்கலாம். எந்த எண் இணைந்திருக்கிறது, எந்தத் தேதியில் எவ்வளவு எடுக்கப்பட்டிருக்கிறது என்று வாசித்துச் சொல்லலாம். சந்தேகமான அழைப்பு வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு எண் எழுதி வைக்கலாம். அப்படி உதவும் பிள்ளைகளும் ஒரு கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்க வேண்டும். பெரியவரின் பின் நம்பரை எழுதி வைத்துக்கொள்ளவோ, அவர் கணக்கைத் தம் போனில் வைத்துக்கொள்ளவோ கூடாது. உதவி என்ற பெயரில் சாவி கைமாறக் கூடாது.

மோசடிக்காரன் நம்மைத் தனியாகப் பிடிக்கவே பார்க்கிறான். அவசரப்படுத்துவதும், யாரிடமும் சொல்லாதே என்பதும் அதற்காகத்தான். வங்கியிலும் காவல் நிலையத்திலும் நம்மைத் திருப்பி அனுப்ப முடிவதும் நாம் தனியாகப் போய் நிற்பதால்தான். கரும்புக் கொல்லையில் அந்த அப்பா போனை வாங்கியபோது பக்கத்தில் ஒரு பையன் நின்றான். அவனுக்கு ஸ்கேன் பண்ணத் தெரிந்திருந்தது. ‘பணம் வர பின் நம்பர் வேணாம் மாமா’ என்று சொல்லத் தெரியவில்லை. இதைப் படிக்கும் மாணவர் யாராக இருந்தாலும், இன்று இரவு சாப்பிடும்போது வீட்டில் அந்த ஒரு வரியையும், 1930 என்ற எண்ணையும் சொல்லிவிட்டுத் தூங்கப் போங்கள்.